ஊருணிக்குள் தெருத் தண்ணீரைத் திருப்பிவிடலாமா? ஆபத்தை எப்படிக் கணக்கிடுவது?

படித்துறை (கேள்வி):

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் சின்ன ஊர் எங்களுடையது. ஊர் மத்தியில் ஊருணி, சுமார் அரை ஏக்கர், நாலு பக்கமும் செம்பூரான் கல் படி, நடுவில் கிணறு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆயாவோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அதில்தான் குடிதண்ணீர் எடுப்போம், காலை நனைத்தால் காவல்காரர் கம்போடு வருவார். குழாய் வந்த பிறகு யாரும் குடிப்பதில்லை. குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள், மாடு இறங்குகிறது. ஆனால் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் ஊறுவது இந்தத் தண்ணீர்தான், சில வீடுகளில் இன்னமும் அதில்தான் உலை வைக்கிறார்கள்.

மூன்று வருடமாகப் பாதிகூட நிறையவில்லை. ரோட்டை உயர்த்தியதில் கண்மாயிலிருந்து வரும் வரத்துக்கால் அடைபட்டுப் போனது. அதனால் ஊர்க்கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: தெரு வாய்க்காலில் வீணாக ஓடும் மழைத்தண்ணீரை மீதியிருக்கும் வரத்துக்காலில் சேர்த்து ஊருணிக்குத் திருப்புவது. பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் சாக்கடையையா உள்ளே விடுவது என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தம்பி, காலியான கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வாய்க்கால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் ஏதோ ஒரு லேப்பில் கொடுத்துத் தாள் வாங்கிவந்துவிட்டான். பி.எச். 7.6, டி.டி.எஸ். 410, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. "எல்லாம் அளவுக்குள்தான் இருக்கு, அப்புறம் என்ன?" என்று கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டுகிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன தப்பு என்று சொல்லவும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கலுங்கடி:

திருப்பிவிடுங்கள் அண்ணே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஊர்களில் வீட்டுக் கூரைத் தண்ணீர், முற்றத்தில் அண்டா, கிடாரம் நிறைந்த மீதி, எல்லாம் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குத்தானே போனது. பெரியவர்கள் முட்டாள்களா?

---

பழைய ஆய்வகம்:

பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை தம்பி. அவர்கள் வாய்க்காலில் குளியலறைத் தண்ணீர் ஓடவில்லை, வீட்டுக்குள் கக்கூஸும் இல்லை. வாய்க்கால் அதே வாய்க்கால்தான், ஓடுகிற தண்ணீர் வேறு.

படித்துறை அண்ணே, நான் தண்ணீர் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தத் தாளில் பொய் இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலும் அதில் இல்லை. பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்ற அளவு, 7 நடு. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் உப்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் (ஐ.எஸ். 10500) அது 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை. மலம் கலந்த மழைத்தண்ணீருக்கும் டி.டி.எஸ். 200தான் காட்டும், ஏனென்றால் மழையில் உப்பு இல்லை. அதே தர அளவு, குடிக்கிற தண்ணீர் 100 மில்லியில் ஈ.கோலி என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது. அதை அந்த லேப்பில் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தாலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்ததற்கு மதிப்பு கிடையாது. கிருமி பார்க்க வேண்டுமென்றால் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றைக்கே ஆய்வகம். இதில் எது தவறினாலும் அந்த எண்ணை நம்பி ஒரு முடிவு எடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய சங்கதி, பாட்டிலைத் தூக்குவதற்கு முன்னால் காலைத் தூக்க வேண்டும். ஊருணியிலிருந்து எதிர்த்திசையில் வாய்க்காலோடு கடைசிவரை நடந்து பாருங்கள். நாங்கள் புது இடத்துக்குப் போனால் கேட்பது மூன்றுதான்: அழுக்கு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வருகிறது, யார் மேல் போய் விழுகிறது. இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் ஆபத்து இல்லை. செப்டிக் டேங்க் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வாய்க்காலுக்கு வழியே இல்லை என்றால் அதை மறந்துவிடலாம். வழி இருக்கிறது, கடைசியில் வயலுக்குத்தான் போகிறது என்றால் கணக்கு வேறு. உங்கள் ஊரில் போய்ச் சேரும் இடம் குளிக்கிற குழந்தையும், உலை வைக்கிற கிணறும். செம்பூரான் பாறை முழுக்கச் சல்லடை மாதிரி துளை, களிமண் மாதிரி வடிகட்டாது. ஆகவே ஊருணியில் விழுவது கிணற்றில் விழுவது மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவும் முக்கியம். அரை ஏக்கர் என்றால் சுமார் 2000 சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றால் 30 லட்சம் லிட்டர். ராத்திரியில் யாரோ ஒரு செப்டிக் டேங்க் லாரியை, 5000 லிட்டர், வாய்க்காலில் திறந்துவிட்டுப் போகிறார்கள் என்று வையுங்கள். அறுநூறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். அந்தச் சகதியின் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் 27 டிகிரியில் 3 நாளில் குடிக்கும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 3000 மில்லிகிராம் என்று குறைத்தே போட்டாலும் ஊருணி முழுக்க 5 ஏறிவிடும். குளிக்கிற நீர்நிலைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் உச்சமே 3. அதே லாரி சித்திரையில், முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வந்தால் 15. அழுக்கு அதேதான், ஆபத்து மூன்று மடங்கு. ஐப்பசியில் எடுத்த பாட்டிலை வைத்துச் சித்திரைக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது என்பது இதனால்தான்.



---

சாணி உருண்டை:

எதற்கு இவ்வளவு தலைவலி? நல்ல நுண்ணுயிர் கலந்த மண் உருண்டை செய்து ஆயிரக்கணக்கில் போட்டால் எந்தக் குளமும் சுத்தமாகிவிடும், வீடியோ நிறைய இருக்கிறது. இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது தேத்தாங்கொட்டை.

---

பழைய ஆய்வகம்:

தேத்தாங்கொட்டையை எங்கள் அப்பத்தாவும் குடத்து உள்பக்கம் தேய்ப்பார், கலங்கல் அடங்கும், உண்மைதான். தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. மேலே குழாய் திறந்திருக்கும்வரை கீழே எத்தனை உருண்டை போட்டாலும், ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான்.

ஆக்சிஜனைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பாசி பிடித்த குளத்தில் மத்தியானம் 2 மணிக்குப் பார்த்தால் ஆக்சிஜன் பிரமாதமாக இருக்கும், வெயிலில் பாசி அதை விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலை 5 மணிக்கு அதே இடத்தில் பாதாளத்துக்குப் போயிருக்கும், ராத்திரி பூரா அதே பாசிதான் அதை இழுக்கிறது. அதனால் விடிவதற்கு முன் படியில் போய் உட்காருங்கள். கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மீட்டர் தேவையில்லை. நாங்கள் கரையிலேயே, 300 மில்லி கண்ணாடி பாட்டிலில் இரண்டு ரசாயனத்தை ஊற்றி மூடிக் கவிழ்ப்போம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லையென்றால் பால் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

---

தொண்டிக் காற்று:

ஊருணி, கண்மாய் என்று பேசும்போது நான் நடுவில் வருவது தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் பக்கத்து மிகைநீர் கண்மாய்க்குக் கண்மாய் இறங்கிக் கடைசியில் எங்கள் பக்கம் பாக் விரிகுடாவுக்குத்தான் வருகிறது. எங்கள் பகுதியில் சின்ன ஆறுகளின் முகத்துவாரம் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல் மூடிக் கிடக்கும். உள்ளே தண்ணீர் தேங்கிக் கறுத்து நிற்கும், அப்போது கடலில் சோதனைக்கு எடுத்த தண்ணீர் சுத்தமாக இருக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஐப்பசியில் முதல் பெருமழை மணலை உடைக்கும், எட்டு மாதச் சரக்கு ஒரே ராத்திரியில் கடலுக்கு. ஆபத்து என்பது அந்த ஒரு ராத்திரிதான். மாதம் ஒரு தடவை ஐந்தாம் தேதி வந்து பாட்டில் பிடித்துப் போகிறவர்களுக்கு அது மாட்டவே மாட்டாது.

கடல் பெரிசு, கரைந்துபோகும் என்று சொல்வார்கள். இந்த விரிகுடா ஆழம் குறைவு, அடியில் கடல்புல். சாக்கடையும் உரத்தண்ணீரும் அதிகமானால் புல்லின் இலைமேல் பாசி மூடும், வெளிச்சம் போகாது, புல் சாகும். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் எங்களுக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். கோடு போட்டது கடலில், அழுக்கு வருவது கரையிலிருந்து. அதையும் சொல்லிவைக்கிறேன்.

முகத்துவாரத்தில் சோதனைக்கு எடுப்பதென்றால் கடல் இறங்கியிருக்கும் வற்றத்தில் எடுங்கள், ஏற்றத்தில் எடுத்தால் கடல் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். குளிக்கிற கடற்கரைக்கு 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம் கிருமி 100 என்று அளவு வைத்திருக்கிறார்கள், எங்கள் பையன்கள் முகத்துவாரத்தில்தான் குதிக்கிறார்கள்.

---

படித்துறை:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், இடையில் இரண்டு தடவை நடந்தேன். ஒன்று வெயிலில், ஒன்று கோடை மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு. இரண்டும் இரண்டு ஊர் மாதிரி இருந்தது.

முதல் நடையில் எனக்குச் சந்தேகம் எல்லாம் தரைக்குப் போடும் பூக்கல் செய்யும் கொட்டகை மேல்தான். ஆத்தங்குடிக் கல் மாதிரி கண்ணாடிமேல் வார்ப்பது, சிமெண்டும் சாயப்பொடியும், பிறகு தொட்டியில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டித் தண்ணீர் வாய்க்காலில் செம்மண் நிறத்தில் இறங்குகிறது, பார்த்தாலே பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் மாதிரி ஒரு பி.எச். தாள் கொடுத்தார்கள், அங்கே வைத்தால் 11. இருநூறு அடி தள்ளி வைத்தேன், 8. கண்ணுக்குத் தெரிந்த வில்லன் அங்கேயே அடங்கிவிட்டான்.

குழாய்களை எண்ணினேன், மொத்தம் 17. பதினான்கு குளியலறை, பாத்திரம் கழுவும் தண்ணீர். இரண்டு மாட்டுக்கொட்டகை. பதினேழாவது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் பெரிய வீட்டுப் பின்கட்டிலிருந்து வருகிறது. வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும், பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். குழாய் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது, முதல் நடையில் அதைப் பழைய மழைக் குழாய் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை போன அன்று வீட்டில் ஒரு கல்யாணம், இருநூறு பேர் தங்கியிருந்தார்கள். மழையில் அதிலிருந்து வந்தது மழைத்தண்ணீர் இல்லை. வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் கேட்டேன். "தொட்டி அய்யா காலத்துலயே கட்டினதுங்க, நிறைஞ்சா வழியத்தானே செய்யும், அதுக்குத்தானே குழாய்" என்றார்.

அதாவது பத்து மாதம் எந்த நாளில் பாட்டில் பிடித்தாலும் அது சுத்தம். கல்யாணமும் மழையும் ஒன்றாக வரும் நாளில்தான் அழுக்கு வரும். கூட்டத்தில் சாக்கடையை விடக்கூடாது என்று அதிகமாகச் சத்தம் போட்டவன் நான்தான், அந்தத் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

பழைய ஆய்வகம் ஐயா சொன்ன லாரிக் கணக்கு ஞாபகம் வந்தது. இதுவும் அப்படித்தானா?

---

பழைய ஆய்வகம்:

இல்லை. தொட்டியிலிருந்து வழிவது அடிச்சகதி அளவுக்குக் கெட்டி இல்லை, பி.ஓ.டி. அவ்வளவு ஏறாது. கிருமி விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. கல்யாண வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் போதும், ஊருணி முழுக்க அது உங்கள் வீட்டுக் கல்யாணம்தான்.

வெட்கப்பட்டது போதும், அந்த ஒரு குழாய் உங்கள் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று. அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் தொட்டிச் சகதியை எடுக்கச் சொல்லுங்கள், எடுக்கிற லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்பதையும் கூடவே கேளுங்கள். குழாயை அடைத்து, ஊருணிக்கும் கிணறுகளுக்கும் எதிர்ப்பக்கச் சரிவில் உறிஞ்சுகுழி போடுங்கள், கிட்டத்தில் போட்டால் செம்பூரானில் அது சுற்றி வந்து அங்கேயே சேரும். பதினான்கு குளியலறைக் குழாயையும் ஒரே நாளில் அடைக்க முடியாது. அதுவரை ஊருணி வாயில் ஒரு பலகை மடை வையுங்கள், முதல் இரண்டு மழையைப் பக்கத்துத் தரிசுக்குத் தள்ளிவிட்டு மூன்றாவது மழைக்குத் திறக்கலாம். உள்ளே விழும் முன் வண்டல் படிய ஒரு குழி. இவ்வளவும் செய்தாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது.

பிறகு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். மாதிரி ஊருணியில் ஒன்று போதாது, சமையலுக்கு எடுக்கும் கிணறுகளில் தனித்தனியாக, நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மலக் கலப்பு இருந்தால் தண்ணீர் கறுப்பாக மாறும் சின்னப் புட்டிச் சோதனை ஒன்று உண்டு, அதைக் கிணற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருணியில் போட்டால் எப்போதும் கறுக்கும், அதனால் ஒன்றும் தெரியாது.

---

படித்துறை:

பலகை மடைக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று. உறிஞ்சுகுழிக்குப் பங்காளிகள் ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், மூன்று பேர் கும்பிடு பொம்மை அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த கல்யாணம் ஆவணியில்.