முத்திரை இல்லாத வெள்ளிப்பூச்சுத் தேநீர்க் கெண்டி: ஷெஃபீல்டு தகடா, மின்முலாமா?

கேள்வி: பழங்கலம்

அனைவருக்கும் வணக்கம். செம்பின் மேல் வெள்ளி ஏற்றிய தேநீர்க் கெண்டி ஒன்று என்னிடம் உள்ளது. அதன் மூக்கு வளையும் இடத்திலும் அடிவிளிம்பிலும் வெள்ளி தேய்ந்து செம்பு தெரிகிறது. அடியில் எவ்வித முத்திரையும் இல்லை. இதைப் பார்த்த ஒருவர், முத்திரை இல்லாததால் இது பிற்காலத்து மலிவுப் பொருள் என்றும், மின்முலாம் பூசிப் புதுப்பித்துவிடுவதே நல்லது என்றும் கூறினார். இன்னொருவரோ, செம்பு வெளியே தெரிவதே இது 18-ஆம் நூற்றாண்டின் ஷெஃபீல்டு தகட்டு வேலை என்பதற்குப் போதுமான சான்று என்கிறார். எவர் கூற்றை ஏற்பது? பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க வழி உண்டா?

மறுமொழி 1: வெண்காரம்

இரண்டு கூற்றுகளையும் ஏற்பதற்கில்லை. காரணம் விளங்க, இந்தத் தகடு எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தி செய்யும் தொழிலில் இருந்த தாமஸ் போல்சோவர் 1740-களின் தொடக்கத்தில் இந்த முறையைக் கண்டறிந்தார். ஒரு கத்திப்பிடியைப் பழுதுபார்க்கும்போது வெள்ளியும் செம்பும் தற்செயலாக ஒட்டிக்கொண்டன என்று ஒரு கதை வழங்குகிறது; கதை எப்படியாயினும், அதன் பின்னுள்ள வேதியியல் உறுதியானது. தூய வெள்ளி 962 பாகை செல்சியஸிலும் செம்பு 1085 பாகையிலும் உருகும். ஆனால் இரண்டும் நெருங்கித் தொட்டிருக்கும் இடத்தில் உண்டாகும் கலவை ஏறத்தாழ 780 பாகையிலேயே இளகிவிடுகிறது. எனவே தேய்த்துத் தூய்மையாக்கிய செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்து, இரும்புக் கம்பியால் இறுகக் கட்டி, ஓரங்களில் வெண்காரம் தடவி உலையில் இடுவார்கள். ஓரத்தில் வெள்ளி இளகிப் பளபளக்கும் நொடியில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். சற்றே தாமதித்தாலும் வெள்ளி முழுவதும் செம்போடு கலந்து வீணாகிவிடும். இந்த வேலையில் கைத்திறன் என்பது பெரும்பாலும் அந்த நொடியைக் கண்டுகொள்ளும் கண்தான்.

இப்படி ஒட்டிய கட்டியை உருளைகளுக்கு இடையே செலுத்தினால் இரு உலோகங்களும் ஒரே உலோகம்போல் சேர்ந்தே நீளும். போல்சோவர் இதைக் கொண்டு முதன்மையாகப் பொத்தான்களையே செய்தார். 1750-களில் ஜோசப் ஹான்காக் முதலியோர் பெரிய கலங்களுக்குப் பயன்படுத்தினர். பின்னர் பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் தொழிற்சாலையும் இதில் பெயர் பெற்றது.

ஆகவே ஷெஃபீல்டு வேலையில் தகட்டின் மேல் வெள்ளி முதலிலேயே இருக்கிறது. கலம் அதன் பிறகுதான் உருவாகிறது. 1840-இல் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறையிலோ கலம் முழுவதும் முடிந்த பின்பே வெள்ளி ஏறுகிறது. நீங்கள் தேட வேண்டிய தடயங்கள் யாவும் இந்த வரிசை வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மறுமொழி 2: பற்றாசு

மேலே கூறியதை ஒட்டிச் சில சோதனைகளைச் சொல்கிறேன். தகட்டை வளைத்து உடலாக்கும்போது இரு ஓரங்களையும் பற்றாசால் (உருக்கி ஒட்டும் உலோகத்தால்) இணைத்தாக வேண்டும். அந்த இணைப்பு பெரும்பாலும் கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் உள்ளும் புறமும் பாருங்கள்; ஷெஃபீல்டு வேலையானால் அங்கே இணைப்புக் கோடு தென்படும். மின்முலாம் இணைப்புகளின் மேலும் படர்ந்து மூடிவிடுவதால் அங்கே கோடு எளிதில் தென்படாது.

அடுத்து வாய்விளிம்பு. வெட்டிய தகட்டின் ஓரத்தில் செம்பு சிவப்பாகத் தெரியும் என்பதால், பழைய வேலையாட்கள் அதன் மேல் வெள்ளிக் கம்பியைப் பற்றவைத்தோ வெள்ளிப் படலத்தை மடித்தோ மறைத்தார்கள். விளிம்பில் நகத்தை ஓட்டினால் அந்த மடிப்பு சில நேரங்களில் தட்டுப்படும். மின்முலாம் பூசிய கலத்துக்கு இத்தகைய பாடு தேவைப்படவில்லை.

மூன்றாவது சோதனையே எனக்கு மிகவும் பிடித்தது. குடும்பச் சின்னத்தையோ பெயரின் முதலெழுத்துகளையோ செதுக்கினால் மெல்லிய வெள்ளி அறுந்து செம்பு வெளிப்பட்டுவிடும். ஆதலால் செதுக்க வேண்டிய இடத்தில் கனமான வெள்ளித் துண்டு ஒன்றைப் பதித்தார்கள். அந்த இடத்தில் வாயால் ஊதி ஆவி படியச் செய்தால், பதித்த துண்டின் எல்லைக்கோடு ஒரு கணம் தோன்றி மறையும்.

செம்பு தெரிவதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். செம்பின் மேல் மின்முலாம் பூசிய கலங்களும் ஏராளமாக உள்ளன. அவையும் தேய்ந்தால் இப்படித்தான் தெரியும். பழமைத் தோற்றத்துக்காக வேண்டுமென்றே தேய்த்தவையும் விற்பனைக்கு வருகின்றன.

மறுமொழி 3: ஏடும் எழுத்தும்

முத்திரையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். அசல் வெள்ளியின் ஹால்மார்க்கோடு குழம்பாதிருக்க, 1773-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளி ஏற்றிய கலங்களில் முத்திரையிடுவதைத் தடுத்தது. 1784-க்குப் பிறகே ஷெஃபீல்டு தரச்சோதனை அலுவலகத்தில் பதிவு செய்த குறிகளை இட இசைவு கிடைத்தது. அதன் பின்னரும் முத்திரையின்றி வந்தவை பல. எனவே முத்திரை இல்லாமையால் உங்கள் கெண்டி மதிப்பிழந்துவிடாது.

முத்திரை இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியதைக் குறிப்பவை. அவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் பழைய எழுத்துருவில் பொறித்து, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஹால்மார்க்போலத் தோன்றச் செய்வது விக்டோரியா காலத்து வணிகர்களின் சாமர்த்தியம். ‘ஷெஃபீல்டு பிளேட்டட்’ என்று வெளிப்படையாகப் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் மின்முலாமே.

பழங்கலம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. கைப்பிடிக்குப் பின்னால் உட்புறத்தில் நேரான இணைப்புக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வாய்விளிம்பில் மடிப்பும் தட்டுப்படுகிறது. ஊதிப் பார்த்தபோது நீள்வட்ட எல்லை ஒன்று தோன்றியது. ஆனால் வெளிப்புறத்தில் அந்த இணைப்புக் கோடு தெரியவில்லை. உட்புறத்தை விட வெளிப்புறம் வெளுப்பாகவும் இருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 4: வெண்காரம்

உள்ளே தெரியும் கோடு வெளியே மறைந்திருப்பதையும் நிற வேறுபாட்டையும் சேர்த்துப் பார்க்கையில், இது பழைய ஷெஃபீல்டு தகட்டுக் கலமாக இருந்து, பின்னொரு காலத்தில் வெளிப்புறம் மட்டும் மின்முலாம் பூசப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறேன். அக்காலத் தகடுகளுக்குப் பொதுவாக 92.5 விழுக்காட்டு வெள்ளியைப் பயன்படுத்தினர். மின்முலாமில் படிவது தூய வெள்ளி. அதனால் அது சற்றுக் கூடுதல் வெண்மையாகத் தோன்றும். உட்புறம் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் அது வெள்ளியன்று, வெள்ளீயப் பூச்சாக இருக்கும். ஒருபுறம் மட்டும் வெள்ளி ஏற்றிய தகட்டில் செய்த கலங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசுவது வழக்கம். அப்படியானால் நிற வேறுபாட்டை ஒரு சான்றாகக் கொள்ள வேண்டாம். இணைப்புக் கோட்டையே நம்புங்கள்.

எப்படியாயினும் மீண்டும் முலாம் பூசாதீர்கள். முலாம் பூசுமுன் கலத்தை நன்றாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். எஞ்சியிருக்கும் பழைய வெள்ளி அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும், விளிம்பின் நுட்பமும் மழுங்கிவிடும். முக்கி எடுக்கும் அமிலக் கரைசல்களையும் தவிர்த்துவிட்டு, மென்துணியால் எப்போதாவது துடைத்தால் போதும். இயன்றால் மூக்கு உடலோடு சேரும் இடத்தையும் மூடியின் கீல் பகுதியையும் படம் எடுத்து இங்கே இடுங்கள். மெருகேற்றும் கருவி அங்கெல்லாம் எட்டாது என்பதால், பழைய பரப்பு எஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும்.