டைபாய்டு குணமாகி ஒரு வாரம் ஊர் சுற்றல்: நாள் வரிசை எப்படி வைக்க?

பார்வதிபுரத்துக்காரன்:
அம்மைக்கு (அம்மாவுக்கு) 61 வயசு. டைபாய்டு மாத்திரை முடிஞ்சு 12 நாள் ஆச்சு. காய்ச்சல் இல்லை, பசி திரும்பியாச்சு, வெளியே போகலாம்னு டாக்டரும் சொல்லியாச்சு. திங்கள் முதல் ஞாயிறு வரை மஸ்கட்டில் இருந்து அண்ணன் குடும்பம் வந்து நிக்குது. பட்டியல்: விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சுசீந்திரம் கோயில், சிதறால் மலை, முட்டம் கடற்கரை. அம்மைக்கு எல்லாத்துக்கும் வர ஆசை. நாகர்கோவிலில் இருந்து கார். எந்த வரிசையில் வெச்சா தாங்கும்?

தக்கலை அக்கா:
தூரத்தைப் பார்த்து வரிசை போடாதீங்க தம்பி, படியையும் நிற்கிற நேரத்தையும் பாருங்க. நோயில் இருந்து எழுந்தவங்களுக்குத் தளர்ச்சி அன்னைக்குத் தெரியாது, மறுநாள்தான் காட்டும். ஒரு பெரிய இடத்துக்கு அடுத்த நாள் பகல் முழுக்க வீட்டில் ஓய்வு, இதை மாத்தவே கூடாது.

திங்கள் அரண்மனைக்கு விடுமுறை. அன்னைக்குச் சாயங்காலம் சுசீந்திரம் நடை திறந்ததும் போயிடுங்க. தரை கல்தான், ஆனா பிராகாரம் முழுக்க நிழல். செவ்வாய் காலை திறந்த உடனே அரண்மனை. மரப்படிகள் குறுகல், செங்குத்து, செருப்பும் போட முடியாது. கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறணும், பின்னால வர்ற கூட்டத்துக்கு வழி விட்டு நின்னுக்கலாம். மாடி ஏற முடியலைன்னா கீழே பூமுகம் (முகப்பு மண்டபம்), நவராத்திரி மண்டபம் பக்கம் இருந்தாலே கண் நிறையும். புதன் வீடு. வியாழன் விவேகானந்தர் பாறை. வெள்ளி பகல் ஓய்வு, வெயில் தாழ்ந்ததும் முட்டம், பாறை மேல ஏறாம. சனி காலை மாத்தூர், அப்படியே திற்பரப்பு. ஞாயிறு எங்கேயும் வேண்டாம்.

சிதறாலை விட்டுடுங்க. பாதை நல்லாத்தான் இருக்கும், ஆனா முழுக்க ஏற்றம். நடுவில் மூச்சு வாங்கினா கார் அங்கே வராது.

குமரிமுனை:
பாறைக்கு வியாழன் சரியான தேர்வு, சனி ஞாயிறு படகு வரிசையே ஆளை வீழ்த்திடும். காலையில் முதல் படகுகளில் ஏறுங்க. சிறப்புக் கட்டண வரிசை இருக்கு, அம்மைக்கு அதுதான் லாபம். மேலே செருப்பைக் கழற்றணும். வெயில் ஏறினா கல் சுடும், பருத்தி காலுறை ஒரு ஜோடி எடுத்துக்குங்க. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்தாச்சு, 77 மீட்டர். வள்ளுவர் சிலைக்கு அதிலேயே நடந்து போகலாம். சிலைக்குள்ளே உள்ள படி மட்டும் அம்மைக்கு வேண்டாம். கடல் கொந்தளிச்சா படகை நிறுத்திடுவாங்க, அப்போ வெள்ளிக்கு மாத்திட்டு, முட்டத்தை விட்டு, மாத்தூர், திற்பரப்பை ஞாயிறுக்குத் தள்ளிக்குங்க.

மாத்தூரில் பாலத்து மேலே நிழல் கிடையாது, 115 அடி உயரத்தில் காற்றும் வெயிலும். எட்டு மணிக்குள்ள பாதி வரை நடந்து திரும்புங்க. ஆற்றுக்கு இறங்குற படியில் இறங்கிட்டா திரும்பி ஏறணும், அதுதான் சிக்கல்.

பார்வதிபுரத்துக்காரன்:
ரொம்ப உபகாரம் அக்கா, அண்ணாச்சி. சாப்பாடு எப்படி? திற்பரப்பில் குளிக்கலாமா?

குலசேகரம் செவிலி:
அருவியில் அம்மையைக் குளிக்க விடாதீங்க. தண்ணி வாயில போகும், வழுக்கவும் செய்யும். பார்த்துட்டு உட்காரட்டும்.

கொதிக்க வெச்சு ஆறின தண்ணி இரண்டு லிட்டர் வீட்டில் இருந்தே. சர்பத் கடை ஐஸ், வெட்டி வெச்ச பழம், காலையில் அரைச்ச தேங்காய்ச் சட்னி மூணும் கூடாது. கண் முன்னால சீவின இளநி, தோல் உரிச்சுச் சாப்பிடுற மட்டி வாழைப்பழம், ஆவி பறக்கிற புட்டு, இடியாப்பம் நல்லது. வேக வெச்ச மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சூடா இருந்தா கொஞ்சம் தாங்கும், காரச் சட்னியைத் தவிருங்க. ஒரே நேரம் வயிறு முட்டாம, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா.

யாரும் சொல்லாத ஒண்ணு: காய்ச்சல் போன பிறகும் கிருமி சில வாரம் மலத்தில் வெளியேறலாம். விருந்தாளிகளுக்கு அம்மை சமைக்க வேண்டாம், கட்டுச்சோறு வேற ஆள் கட்டட்டும். கழிவறை போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், வழியிலும் அப்படித்தான்.

மருந்து முடிஞ்சு இரண்டு மூணு வாரத்துக்குள்ள டைபாய்டு திரும்பி வரலாம், அம்மை இப்போ அந்தக் கணக்குக்குள்ளேதான். தெர்மாமீட்டரைப் பையில் வெச்சுக்குங்க, தினம் காலையும் ராத்திரியும் பாருங்க. 100 தாண்டினா பாராசிட்டமால் கொடுத்துப் பயணத்தைத் தொடராதீங்க, அன்னைக்கே டாக்டரிடம் காட்டுங்க.