"கீழ இறங்கி வாடா": திட்டு வழக்குகளில் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் பார்ப்பவை

வழக்குரைஞர், எழும்பூர்:
அபார்ட்மென்ட் பார்க்கிங், தண்ணி லாரி வரிசை, வாடகை பாக்கி என்று சண்டை எங்கே பிறந்தாலும் புகார் மனு ஒரே அச்சுதான்: "தகாத வார்த்தைகளால் திட்டினார்." இந்த ஒற்றை வரியில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 352-வது பிரிவு நிற்காது. (1.7.2024-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 504.) வேண்டுமென்றே அவமதித்திருக்க வேண்டும். அது ஆளை உசுப்பிவிடும் அளவுக்கு இருக்க வேண்டும். உசுப்பினால் அவர் பொது அமைதியைக் கெடுப்பார் என்ற நோக்கமோ, கெடுக்கக்கூடும் என்ற அறிவோ திட்டியவருக்கு இருக்க வேண்டும். மரியாதை இல்லாமல் "போய்யா" என்றது போதாது. நாலு பேர் பார்க்க கேட்டருகே நின்று, அம்மாவை இழுத்துப் பேசி, "ஆம்பளையா இருந்தா கீழ இறங்கி வாடா" என்றால் சேரும். கெட்ட வார்த்தையை எழுதிவிட்டு இந்த வாடாவை விட்டுவிடுகிறார்கள். வழக்கே அதில்தான் இருக்கிறது. நீங்கள் இறங்காமல் பொறுத்துக்கொண்டாலும் குற்றம் குற்றம்தான். பதிலுக்குத் திட்டினால் மட்டும் மறுநாளே கவுண்டர் கேஸ்.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் ரைட்டர்:
சார் சொன்னது சரி. ஆனால் 352-க்கு மட்டும் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174-ன்படி புகாரின் சாரத்தைப் பதிவு செய்து, மனுதாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும்; அவர் உத்தரவு இல்லாமல் விசாரணை கிடையாது. சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீதை, கையில் வாங்கியதும் கேஸ் ஆகிவிட்டதென்று மாசக்கணக்கில் காத்திருப்பார்கள், பாவம். கூடவே பி.என்.எஸ். 296(பி) (பொது இடத்தில் ஆபாசப் பேச்சு) போன்ற, போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய பிரிவு ஒன்று இருந்தால் மொத்தமும் எஃப்.ஐ.ஆருக்குள் வந்துவிடும். மனுவில் "ஆபாசமாக" என்ற சொல் தவறாமல் இருப்பது அதனால்தான்!

வழக்குரைஞர், சைதாப்பேட்டை:
அந்த "ஆபாசமாக"தான் பிறகு காலை வாருகிறது, ஐயா. வெறும் வசைச்சொல் ஆபாசமாகாது என்று 296(பி)-க்கு முன்னோடியான ஐ.பி.சி. 294(பி) வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. இன்னொரு சிக்கல் சமரசத்தில். 352-ஐ அவமதிக்கப்பட்டவரே ராஜி செய்துகொள்ளலாம். 296(பி) அப்படியல்ல, ராஜியான பிறகும் ரத்து செய்ய ஹைகோர்ட் படியேற வேண்டும். கோர்ட் வழக்கை ஏற்பதற்கான காலக்கெடுவும் வேறு: 352-க்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்பதால் 3 ஆண்டு அவகாசம், 3 மாதச் சிறையுள்ள 296(பி)-க்கு 1 ஆண்டு.

மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் போடுபவர்கள் கவனிக்க: பி.என்.எஸ்.எஸ். 223 வந்தபின், எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்பு தராமல் வழக்கைக் கோப்பில் எடுக்க மாட்டார்கள். வீடியோ இருந்தால் எடுத்த போனிலேயே அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) மாறிவிடும்; புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ன் சான்றிதழில் அந்த எண்ணைத்தான் குறிப்பிட வேண்டும்.