மரப்பெரணிச் சுருள் போல நாற்காலிக் கை: மரம் வளைக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் சின்னத் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துச் சோலையில் மரப்பெரணிகள் உண்டு. அதன் இளங்குருத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: பழுப்பு ரோமத்தோடு, அடியில் தடித்து, உள்ளே போகப்போக மெலிந்து, நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். அவ்வளவு அழகு! அதே வடிவில் நாற்காலிக்குக் கை செய்ய மூன்று மாதமாக முயல்கிறேன்.

பலகையில் வளைவாக அறுத்தால் ரேகை அறுபட்டு, சுருள் முனை படக்கென்று முறிகிறது. சரி, ஆவியில் வளைக்கலாம் என்று இறங்கினேன். 1859-ல் ஜெர்மன் தச்சர் மிக்கேல் தோனெட் தன் 14-ஆம் எண் நாற்காலியை அப்படித்தான் பீச் மரத்தில் செய்தார். மரம் அமுங்கிக் கொடுக்கும், இழுத்தால் நீளாது. அதனால் வெளிப்பக்கம் இரும்புப் பட்டை கட்டி வளைத்தார்.

நானும் பட்டை கட்டினேன். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக், ஓர் அங்குலக் கனம், ஒரு மணி நேரம் ஆவி. நான்கில் மூன்று வெளிப்பக்கம் சிலும்பிவிட்டன. நான்காவதை மறுநாள் அச்சிலிருந்து எடுத்ததும் பாதி விரிந்துவிட்டது.

மரம் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும்? இந்த ஊர்ப் பனியில் எத்தனை நாள் அச்சிலேயே விடுவது? வளைப்பதற்கு ஏற்ற வேறு மரம் இங்கே கிடைக்குமா? அப்புறம், உண்ணிச்செடிக் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, சூட்டோடு வளைத்து நாற்காலி செய்கிறவர்கள் நம் நீலகிரியிலேயே இருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லித் தந்தால், பட்டறையை ஒரு நாள் மூடிவிட்டு நேரில் வந்து கற்றுக்கொள்கிறேன்.