வாய்க்கால் வெட்டும்போது கிடைத்த மஞ்சள் பாளங்கள்: தங்கம்தானா, எந்தக் காலம்? உதவி தேவை

கேட்டவர்:
எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா நிலத்தில் வாய்க்காலை ஆழப்படுத்தும்போது முழங்கால் ஆழத்தில் மூன்று சின்னப் பாளங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி கிடைத்தன. விரல் நீளம்தான், ஆனால் கையில் எடுத்தால் கை கீழே இறங்குகிறது, அவ்வளவு கனம். ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மேல்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது, அடிப்பக்கம் மணல் பட்டதுபோல் சொரசொரப்பு, எழுத்தோ முத்திரையோ கண்ணுக்குத் தெரியவில்லை.

எடை 214 கிராம். சமையலறை அளவுக் குவளையில் போட்டதில் தண்ணீர் 15 மில்லி ஏறியது. வகுத்தால் அடர்த்தி 14.3 வருகிறது, தங்கம் என்றால் 19.3 வர வேண்டுமாமே. அப்படியானால் இது போலியா? நகை வேலை தெரிந்த ஒருவர் முனையைக் கொஞ்சம் வெட்டி உருக்கிப் பார்த்தால் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, தெரிந்துவிடும் என்கிறார். கார்பன் சோதனை செய்தால் வயதும் தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். எதைச் செய்வது?

பதில் 1:
முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். வெட்டவும் வேண்டாம், உரைகல்லில் தேய்க்கவும் வேண்டாம், அமிலம் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் 14.3 அளவுப் பிழையாக இருக்கலாம். பித்தளை 8.5 பக்கம் நிற்கும், ஈயமே 11.3தான், மாற்று குறைந்த தங்கத்தை விட்டால் 14.3 வரக்கூடிய சாதாரண உலோகம் எதுவும் இல்லை. அந்தக் குவளையில் 3 மில்லி பிசகுவது சர்வசாதாரணம், சொரசொரப்பில் ஒட்டிய காற்றுக் குமிழிகள் வேறு கணக்கைக் கெடுக்கும். இப்படிச் செய்யுங்கள்: கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். பாளத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலும் ஓரத்திலும் படக் கூடாது. அப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் மில்லியில் கன அளவு. எடையை அதால் வகுங்கள். கழுவாத இரண்டையும் மண்ணோடு அப்படியே எடை போடுங்கள், கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை.

கேட்டவர்:
செய்தேன். கழுவியதன் எடை 214.3, தண்ணீரில் 12.0. வகுத்தால் 17.9. மற்ற இரண்டும் 17.7, 17.8. கை நடுங்குகிறது.

பதில் 1:
அப்படியானால் பெரும்பாலும் தங்கம்தான், ஆனால் சுத்தத் தங்கம் இல்லை. பத்தில் ஒரு பங்கு வெள்ளி கலந்தாலும் ஏறக்குறைய இதே எண் வரும், அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் செம்பு கலந்தாலும் இதே எண் வரும். எது கலந்திருக்கிறது என்பதை அடர்த்தி சொல்லாது. டங்ஸ்டன் அடர்த்தியும் 19.3 பக்கம்தான், அதை உள்ளே வைத்துத் தங்கம் பூசி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பாளத்தைச் சேதப்படுத்தாமல் கலவையைப் பார்க்க எக்ஸ்-கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் என்ற கருவி இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த தங்கத்தின் மேற்பரப்பில் வெள்ளியும் செம்பும் கரைந்துபோய், உள்ளே இருப்பதைவிட மாற்று அதிகமாகத் தெரியும்.

பதில் 2:
வயது விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் சோதனை உயிரோடு இருந்த பொருளுக்குத்தான், மரம், எலும்பு, கரி மாதிரி. தங்கத்துக்கு அது உதவாது. பாளத்தை மட்டும் தனியாகக் கையில் கொடுத்தால் நிபுணராலும் தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

நீங்கள் சொன்ன குழிவும் அடிச் சொரசொரப்பும் திறந்த அச்சில் ஊற்றி ஆறவிட்டதைக் காட்டுகின்றன, உருகிய தங்கம் இறுகும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும். ஆனால் போன நூற்றாண்டில் ஒருவர் வீட்டில் உருக்கி ஊற்றியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். 999 மாதிரி எண்ணோ வரிசை எண்ணோ இருந்திருந்தால் இந்தக் காலத்தது என்று முடித்துவிடலாம். எடையை வைத்து ரோமானிய ராத்தல், சீன ஜின் என்ற பழைய எடை அளவுகளில் கணக்குப் போடவும் யாராவது வருவார்கள், மூன்றும் வேறு வேறு எடை என்றால் அதில் இறங்க வேண்டாம்.

முத்திரை இருந்தால் கதையே வேறு. 1887-ல் இன்றைய ருமேனியாவில் கிடைத்த தங்கப் பாளங்களில் சிர்மியம் என்ற ரோமானிய நகரத்து அதிகாரிகளின் முத்திரையும் மூன்று பேரரசர்களின் உருவமும் இருந்ததால் 4-ஆம் நூற்றாண்டின் கடைசி என்று சொல்ல முடிந்தது. அதனால் மற்ற இரண்டையும் தேய்த்துக் கழுவாதீர்கள், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறதோ தெரியாது.

முத்திரை இல்லாவிட்டால் இடம்தான் பேச வேண்டும். மெக்சிகோ நகரத்தில் 1981-ல் கட்டட வேலையின்போது 1.93 கிலோ பாளம் ஒன்று கிடைத்தது. அது அகப்பட்ட இடம், 1520 ஜூன் 30 இரவில் ஸ்பானியர்கள் கொள்ளைப் பொருளோடு தப்பி ஓடிய பாதையில் இருந்த பழைய கால்வாய். தங்கம், வெள்ளி, செம்பு விகிதத்தை எக்ஸ்-கதிரால் அளந்து அதே காலப் பொருள்களோடு ஒப்பிட்டு, அந்த இரவோடு சேர்ந்ததுதான் என்று 2020-ல் அறிவித்தார்கள். எந்த இடம் என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால் அது வெறும் கட்டி.

சரி, ஒன்று கேட்கிறேன். கழுவின அந்த வாளித் தண்ணீரை என்ன செய்தீர்கள்?

கேட்டவர்:
தண்ணீரை மேலாக ஊற்றிவிட்டேன், அடிச் சேறு வாளியிலேயே இருக்கிறது. ஐயோ, தேய்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

பதில் 2:
தேய்த்தது போகட்டும், அந்தச் சேறு பெரிய விஷயம். வாளியை மூடி வையுங்கள். கிடைத்த இடத்தில் ஒரு கழி நட்டு, ஆழத்தை அளந்து, வாய்க்கால் கரையின் மண் அடுக்கு தெரியும்படி பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கரியோ ஓட்டுத் துண்டோ தென்பட்டால் பிடுங்க வேண்டாம், காலத்தைச் சொல்லப்போவது அதுதான். இன்னும் கிடைக்குமா என்று மெட்டல் டிடெக்டரோடு யாரையும் இறக்கிவிடாதீர்கள். அப்புறம் சட்டம். இந்தியாவில் 1878-லிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது, இங்கிலாந்தில் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எங்கே இருந்தாலும் விற்பதற்கு முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துத் தெரிவித்துவிடுங்கள்.

கேட்டவர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். தொல்லியல் துறையில் இருந்து இருவர் வந்து பார்த்தார்கள், எழுத்துமூலம் ரசீது கொடுத்துப் பாளங்களை வாங்கிக்கொண்டார்கள். வயது எதுவும் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது, நான் பத்து முறை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன், அதுவரை கண்ணில் படவே இல்லை. அதிலிருந்து கரித் துண்டு ஒன்றை எடுத்துப் பொட்டலம் கட்டினார்கள். வாளியையும் சேறோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியப்பா அந்தப் பக்கம் தண்ணீர் விடாமல் மடையை அடைத்துவைத்திருக்கிறார்.