பொதிகை உச்சிக்குச் செல்வது காணி மக்களுக்கு உவப்பானதா?

கேள்வி (பொருநைக்கரை):
1868 மீட்டர் உயரமுள்ள பொதிகைச் சிகரத்துக்கு, அதாவது மலையாளிகள் அகஸ்தியார்கூடம் என்று அழைக்கும் உச்சிக்கு, வரும் தை மாதத்தில் செல்ல விரும்புகிறேன். தமிழகப் பக்கமிருந்து வழி உண்டா? வெளியாட்கள் அங்கே ஏறுவதை அந்த மலைக்காடுகளில் வாழும் பழங்குடியினரான காணி மக்கள் விரும்புவதில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது உண்மையென்றால் பயணத்தைக் கைவிடவும் தயாராக இருக்கிறேன்.

மறுமொழி (மலைநடையன்):
நம் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்குவதால் மலையேற்றத்துக்கு அனுமதி இல்லை. கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்து, போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாகத்தான் செல்ல முடியும். உச்சிக்குச் சற்றுக் கீழே வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். வழிகாட்டிகளாக வருபவர்களில் காணிகள் உண்டு என்பதால், யாருமே வரக்கூடாது என்று அவர்கள் கருதுவதாகச் சொல்ல முடியாது.

மறுமொழி (வனமுல்லை):
நண்பர் குறிப்பிட்டது 2019 ஜனவரி நிகழ்வாக இருக்கலாம். பெண்களும் ஏறலாம் என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து தன்யா சனல் என்ற பெண் உச்சிக்குச் சென்றபோது, அகத்தியர் தங்கள் தெய்வம், அவர் சிலையருகே பெண்கள் செல்வது வழக்கமில்லை என்று கூறிக் காணிகள் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெண்களுக்கும் ஏறும் உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், அந்த மக்களிடம் முன்பே அமர்ந்து பேசியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி (பச்சிலை):
அவர்களுடைய மனத்தாங்கலுக்கு வழிபாடு மட்டும் காரணமன்று. 1987இல் இக்காட்டுக்குள் வந்த அறிவியலாளர்கள் நடந்து களைத்துப்போக, உடன்வந்த காணிகள் மட்டும் ஒரு சிறு செடியின் காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள். தயக்கத்துக்குப் பிறகே அவர்கள் காட்டிக்கொடுத்த அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்துக்கான உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே முன்மாதிரி என்று பாராட்டிய ஏற்பாடு அது. ஆனால், இலைகளைக் காட்டில் பறிப்பதற்கு வனத்துறை ஒப்பாததால், செடியை அறிந்தவர்களுக்கே அதனால் நிலையான வருமானம் கிடைக்காமல் போயிற்று. ஆகவே தாராளமாகச் செல்லுங்கள். காணி ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டுப் பெற்று, அவருக்கு உரிய ஊதியத்தைக் கையில் கொடுங்கள். எந்தச் செடியையும் பறிக்காதீர்கள், மருந்துகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம்.