கீசர், சிபிவிசி வேலைக்கு எந்த 18 வோல்ட் செட்?

வணக்கம் நண்பர்களே. பாத்ரூமில் சிபிவிசி (சுடுநீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) பைப்பிங், கீசர் மாட்டும் வேலைக்கு கார்ட்லெஸ் (பேட்டரியில் ஓடும்) மெஷின் செட் வாங்க வேண்டும். போஷ், மகிட்டா, டிவால்ட் எதை எடுத்தாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. அதனால் முதலில் வாங்குவதே முக்கியம்.

அவசியத் தேவை எஸ்டிஎஸ் பிளஸ் ஹேமர் (கான்கிரீட்டில் அடித்து ஓட்டை போடும் டிரில்). பைப் கிளாம்புக்கு 6, 8 எம்எம் ஓட்டை. கீசர் ஆங்கர் போல்ட்டுக்கு 10, 12 எம்எம். 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, ஓட்டை தளர்ந்தால் ஆபத்து. சாதாரண இம்பாக்ட் டிரில் கான்கிரீட்டில் திணறும்; பிட் அலைந்து ஓட்டை அகலமாகிவிடும். ஒரு அடிக்கு 2 ஜூல் ஆற்றல் தரும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) ஹேமர் போதுமா?

பைப் பதிக்க சுவரில் காடி வெட்டும் 4 இஞ்ச் கிரைண்டரை அதே பேட்டரியில் ஓட்டலாமா, வயர் மெஷினே நல்லதா? தொடர்ந்து வெட்டினால் 4 ஆம்பியர் அவர் பேட்டரி சூடாகி நின்றுவிடுமே! 110 எம்எம் பைப்புக்கு கோர் கட்டிங் (வட்டமாகப் பெரிய ஓட்டை வெட்டுவது) தனி மெஷின்தான், அதை விடுங்கள். மதுரைப் பக்கம் எந்த கம்பெனிக்கு சர்வீஸ், சக், வயர் மெஷினுக்கான கார்பன் எளிதாகக் கிடைக்கிறது? தினமும் பயன்படுத்துபவர்கள் மாடல் எண்ணோடு சொல்லுங்கள்.